யூஏடி-யில் எல்லாவற்றுக்கும் ‘பாஸ்’ போட்டுவிடலாமா? காரைக்குடித் தம்பி ஒருவருக்குப் பதில்

காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சர்க்கரை நோய்க்கான மருந்து ஒன்றின் கிளினிக்கல் டிரயல் அங்கே தொடங்கப்போகிறது. நோயாளிகள் போனில் தமிழில் நிரப்பும் டைரி, மருத்துவமனையில் நிரப்பும் மின்னணுப் படிவங்கள், யாருக்கு எந்த மருந்துப் பெட்டி என்று ஒதுக்கும் மென்பொருள், ஆக மூன்று. இவற்றுக்கு ‘யூஏடி (பயனர் ஏற்புச் சோதனை) செய்து கொடுங்கள்’ என்று 140 ஸ்கிரிப்ட் (எதைச் செய்து எதைப் பார்க்க வேண்டும் என்ற படிப் பட்டியல்) அனுப்பி இரண்டு நாள் கெடு வைத்திருக்கிறார்களாம். “செய்தவர்களே சோதித்துவிட்டார்கள், நீங்கள் பாஸ் போட்டுக் கையெழுத்திட்டால் போதும்” என்று போனிலும் சொன்னார்களாம். போடலாமா, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்கிறார்.

போடாதீர்கள், தம்பி. நான் இந்த வேலையில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். பாதி சென்னையில், மீதி கோட்டையூரில் எங்கள் வீட்டில் இருந்தபடியே. பார்க்காமல் போட்ட பாஸ் எங்கே போய் முடியும் என்று பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், செய்தவர்கள் சோதித்தபின் நாம் ஏன் சோதிக்க வேண்டும்? நம் பக்கத்து வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டறையில் ஒவ்வொரு கல்லையும் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஆனாலும் வளவில் தளம் போட்டு முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, வாட்டம் சரியாக இருக்கிறதா, தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்று பார்க்காமல் யாரும் கொத்தனாருக்குக் கணக்கை முடிக்க மாட்டார்கள். கல்லில் குறை இல்லை என்பது வேறு, இந்த வீட்டு மழை இந்த வீட்டில் வடிகிறது என்பது வேறு. மென்பொருள் நிறுவனம் சோதித்தது கல்லை. பட்டன் வேலை செய்கிறதா, கடவுச்சொல் பூட்டுகிறதா, சேமித்தது சேமித்தபடி இருக்கிறதா என்பதெல்லாம் அதில் அடக்கம். உங்கள் ஆய்வின் புரோட்டோக்கால் (ஆய்வின் திட்ட ஆவணம்) சொல்வது அந்தத் திரையில் நடக்கிறதா, உங்கள் நோயாளியின் கையில் அது தாங்குகிறதா என்பதுதான் பயனர் ஏற்புச் சோதனை. அந்தக் குடத்துத் தண்ணீரை ஊற்ற வேண்டியவர், அந்த வீட்டில் இருக்கப்போகும் நீங்கள்.

விதியும் இதையேதான் சொல்கிறது. 2025 ஜனவரியில் இறுதியான, மருந்து ஆய்வுகளுக்கான சர்வதேச ஐசிஹெச் இ6 ஆர்3 நெறிமுறை, மென்பொருளின் பொதுவான செயல்பாடு மட்டும் போதாது, அந்த ஆய்வுக்கென்று அமைத்த பகுதிகளும், தானாக ஓடும் சரிபார்ப்புகளும் கணக்கீடுகளும் சோதித்து உறுதி செய்யப்பட வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் 21 சிஎஃப்ஆர் பகுதி 11 விதி 1997-லிருந்தே மின்னணுப் பதிவுக்கும் கையெழுத்துக்கும் சரிபார்ப்பைக் கேட்கிறது. ஐரோப்பிய மருந்து முகமையின் கணினி அமைப்புகள் பற்றிய வழிகாட்டி 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் இந்தச் சோதனை பேசப்படுகிறது. பொறுப்பு, இந்த ஆய்வைத் தொடங்கும் மருந்து நிறுவனமான ஸ்பான்சருடையது. வேலையை சிஆர்ஓ-வுக்கோ (ஒப்பந்தத்தில் ஆய்வை நடத்தித் தரும் நிறுவனம்) மென்பொருள் நிறுவனத்துக்கோ கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. ஆனால் “நான் இந்தப் படியைச் செய்தேன், இதைக் கண்டேன்” என்பதன் கீழே இருக்கும் கையெழுத்து உங்களுடையது. செய்யாததைச் செய்ததாக எழுதினால் அதற்கு ஸ்பான்சர் பொறுப்பேற்க மாட்டார்.

சரி, விதியை விடுங்கள். உங்கள் டைரிக்கு வருகிறேன், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

சில வருஷத்துக்கு முன் இதே போன்ற ஒரு டைரி. காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவை நோயாளியே பதிய வேண்டும். ஸ்கிரிப்டில் எல்லாம் பாஸ். சோதித்தவர்கள் அலுவலகத்தில் பதினொரு மணிக்கு உட்கார்ந்து சோதித்தவர்கள். ஆய்வு தொடங்கி மூன்று வாரம் கழித்து ஒரு வினோதம் தெரிந்தது. சில நோயாளிகள் ஒரு நாளில் இரண்டு வெறும் வயிற்று அளவு பதிந்திருந்தார்கள், இன்னொரு நாள் பதிவே இல்லை. ஆய்வைக் கண்காணிக்கும் மானிட்டர்கள் நோயாளிகளைத்தான் குறை சொன்னார்கள், “ஒழுங்காக நிரப்புவதில்லை” என்று. காரணம் வேறு. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். கிராமத்தில் ஐந்து மணிக்கு எழுந்து விரலைக் குத்திப் பதிகிற பெரியவரின் அளவு, சர்வர் கணக்கில் முந்தைய நாள் இரவு 11.30. தேதியை அங்கேயிருந்து எடுத்தால் அவருடைய செவ்வாய்க்கிழமை திங்கட்கிழமையில் போய் விழும். ஆறு மணிக்கு எழுகிறவருக்கு எந்தக் குறையும் இல்லை. விடியுமுன் எழுகிறவர்களின் உண்மை மட்டும் நாள் மாறிப் போகிறது. நம் ஊரில் ஐந்து மணிக்கு வாசல் தெளிப்பவர்கள் எத்தனை பேர் என்று வேறு நாட்டில் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதியவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும்.

ஆகவே ஸ்கிரிப்டுக்கு வெளியேயும் சோதியுங்கள். அதற்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டு, ‘கூடுதல் சோதனை’ என்று தனித்தாளில் பதியுங்கள். நான் செய்வதில் சிலவற்றைச் சொல்கிறேன்.

டைரியை எங்கள் அப்பத்தா கையில் கொடுத்து, நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவருக்குப் பார்வை குறைவு, போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் கேள்வி தமிழில் மூன்று வரி ஆகும், பெரிய எழுத்தில் ஐந்து. ‘அடுத்து’ என்ற பட்டன் திரைக்குக் கீழே போய்விடும். கீழே தள்ள வேண்டும் என்பதற்கு ஓர் அம்புக்குறிகூட இருக்காது. அப்பத்தா “முடிஞ்சிருச்சு” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், பதிவு போயிருக்காது. ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறதா, புள்ளிகளால் ஆன வெற்று வட்டம் எங்காவது தெரிகிறதா என்றும் பழைய, விலை குறைந்த போனில் பாருங்கள். உங்கள் போனில் அழகாகத் தெரிவது எதையும் நிரூபிக்காது.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் எவ்வளவு கனம் என்று சொல்ல வேண்டியதில்லை. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இரண்டாம் கட்டுக்குள் போனால் சிக்னல் கிடையாது, போன் பேச முகப்புக்கு வர வேண்டும். எனவே விமானப் பயன்முறையில் போட்டு மூன்று பதிவு செய்யுங்கள், நடுவில் போனை அணைத்துத் திறங்கள், பிறகு இணைப்பைக் கொடுங்கள். மூன்றும் போய்ச் சேர்ந்தனவா? சேர்ந்தவை, நோயாளி பதிந்த நேரத்தைக் காட்டுகின்றனவா, இணைப்பு வந்த நேரத்தையா? மூன்றுக்கும் ஒரே நேரம் விழுந்திருந்தால் அது ஃபெயில், கூச்சமில்லாமல் எழுதுங்கள்.

சாப்பாட்டுக் கேள்வி இருந்தால் அதில் தனிக் கவனம் வையுங்கள். ரொட்டி, தானியம், சோறு, மற்றவை என்று பட்டியல் இருக்கும். காலையில் வெள்ளைப் பணியாரமும் விசேஷ நாளில் கவுனி அரிசியும் சாப்பிடுபவர் ‘மற்றவை’யைத் தொட்டுத் தமிழில் எழுதுவார். அந்தத் தமிழ் கடைசிக் கோப்பில் தமிழாகவே வருகிறதா, வெறும் கேள்விக்குறிகளாக வருகிறதா? வந்தாலும் முழுதாக வருகிறதா? எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ‘மு’ என்று எழுதினால் ம-வுக்கு 3, உகரக் குறிக்கு 3, ஆக 6. ஒரு பெட்டிக்கு 200 பைட் என்று வரம்பு வைத்திருந்தால் ஆங்கிலத்தில் 200 எழுத்து, தமிழில் 66 குறிகளோடு வெட்டிவிடும். நீளமாக எழுதிக் கடைசியில் “சாப்பிட்டபின் தலைசுற்றி விழுந்துவிட்டேன்” என்று முடித்திருந்தால் அந்த ‘விழுந்துவிட்டேன்’ காணாமல் போகலாம். திரையில் பார்த்தால் இது தெரியாது. ஏற்றுமதி செய்த கோப்பைக் கேட்டு வாங்கி, உள்ளே போட்டதையும் வெளியே வந்ததையும் வரி வரியாக ஒப்பிட வேண்டும். யூஏடி-யில் அதிகம் விட்டுப்போகும் படி இதுதான் என்பது என் அனுபவம்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கேள்வித்தாளின் தமிழ் நன்றாக இல்லை என்று பட்டால் நீங்களாகத் திருத்தச் சொல்லிவிட முடியாது. வாழ்க்கைத்தரம் பற்றிய கேள்வித்தாள்கள் பெரும்பாலும் உரிமம் பெற்றவை. மொழிபெயர்த்து, திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, நோயாளிகளிடம் படித்துக் காட்டிப் புரிகிறதா என்று கேட்டு உறுதி செய்தவை. உங்கள் சோதனை, ஒப்புதல் பெற்ற அந்த வாசகம் ஒரு சொல் பிசகாமல் திரையில் இருக்கிறதா என்பது. மொழியே குறை என்றால் அதையும் எழுதுங்கள், ஆனால் தனியாக. அது உரிமையாளர், எத்திக்ஸ் கமிட்டி என்று வேறு வழியில் போக வேண்டிய விஷயம்.

அப்புறம் மருத்துவமனைப் படிவங்கள். இங்கே ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் பெரும்பாலும் சரியான மதிப்பை உள்ளே போடச் சொல்லி, ‘ஏற்கும்’ என்று எதிர்பார்ப்பார்கள். தவறான மதிப்பைத் தடுக்கிறதா என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. வயது 18 முதல் 75 வரை என்றால் 40 போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. 17, 18, 75, 76 போடுங்கள். பதினெட்டாம் பிறந்தநாளுக்கு முதல் நாள் ஒப்புதல் கையெழுத்திட்டவரைப் போடுங்கள். பிப்ரவரி 29-இல் பிறந்தவரைப் போடுங்கள். பிறந்த தேதி தெரியாமல் வருஷம் மட்டும் சொல்லும் பெரியவர் உங்களுக்கு வாரத்துக்கு நான்கு பேர் வருவார்கள். படிவம் நாளையும் மாதத்தையும் கட்டாயமாகக் கேட்டால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஜனவரி 1 என்று ஒரு பொய்யை எழுதிவிட்டு நகர்வார்கள். ‘தெரியாது’ என்பதற்கு இடம் இருக்கிறதா, அப்போது வயதுக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள்.

பெயரின் முதலெழுத்து மூன்று கேட்கும் படிவம் வந்தால் அதுவும் இப்படித்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஓர் இனிஷியலும் ஒரு பெயரும்தான். ஐயாவின் பெயரைப் பேரன்கள் எல்லோருக்கும் வைக்கும் ஊரில், ஒரே பெயரில் பங்காளிகள் இரண்டு பேர் ஒரே ஆய்வில் சேர்வதும் நடக்கும். ஒரே எழுத்து, ஒரே பிறந்த வருஷம். இரண்டாமவரை ‘ஏற்கெனவே இருக்கிறார்’ என்று தடுக்கிறதா, முதலாமவரின் மேல் எழுதிவிடுகிறதா?

சர்க்கரை அளவில் அலகைப் பாருங்கள். நம் ஊரில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், பல நாடுகளில் லிட்டருக்கு மில்லிமோல். 18-ஆல் வகுக்க வேண்டும். தாழ்சர்க்கரை என்று எச்சரிக்க வேண்டிய 70, அங்கே 3.9. இரண்டு அலகையும் அனுமதிக்கும் படிவத்தில் அலகைத் தேர்ந்தெடுக்காமல் 70 என்று மட்டும் போட்டுச் சேமியுங்கள். பிறகு அலகை மாற்றுங்கள். எச்சரிக்கை எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நான் எந்த ஆய்விலும் விடாமல் செய்வது. பாலினம் ‘பெண்’ என்று போட்டால் கர்ப்பப் பரிசோதனைப் படிவம் திறக்கும். அதை நிரப்புங்கள். பிறகு, தவறுதலாகப் போட்டதுபோல, பாலினத்தை ‘ஆண்’ என்று மாற்றுங்கள். படிவம் மறைந்துவிடும். உள்ளே போட்ட விவரம் என்ன ஆனது? அழிந்ததா, திரைக்குப் பின்னால் அப்படியே கிடந்து கடைசிக் கோப்பில் ஓர் ஆணுக்குக் கர்ப்பப் பரிசோதனை முடிவாக வருகிறதா? திருப்பி ‘பெண்’ என்றால் பழையது மீள்கிறதா? மூன்று கேள்விக்கும் மூன்று ஆய்வில் மூன்று விதமான பதில் கண்டிருக்கிறேன்.

ஆடிட் டிரெயில், அதாவது மாற்றங்களின் தடம், பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. எங்கள் ஐயா மலாயாவில் வட்டிக்கடையில் இருந்தவர். பேரேட்டில் பிழை வந்தால் சுரண்டக் கூடாது, கீழே இருக்கும் எண் தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதையேதான் மென்பொருளிடமும் கேளுங்கள். யார் மாற்றினார், எப்போது, பழைய மதிப்பு என்ன, புதியது என்ன, ஏன். ஆய்வு மருத்துவர் கையெழுத்திட்டபின் ஓர் எண்ணை மாற்றினால் அந்தக் கையெழுத்து விலகுகிறதா என்றும் பாருங்கள்.

மருந்து ஒதுக்கும் மென்பொருள் உங்கள் பக்கத்தில் சிறிய பங்கு, ஆனால் தவறினால் பெரியது. சோதனைக்கு என்று தனியான போலிப் பட்டியல்தானா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். உண்மையான ரேண்டமைசேஷன் பட்டியலை (யாருக்கு எந்த மருந்து என்று குலுக்கல் போல முன்பே போட்டு வைத்தது) ஒருவர் பார்த்துவிட்டால் யாருக்கு எது என்ற மறைப்பு அங்கேயே போய்விடும். ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 8-க்குக் கீழ், 8-உம் மேலும் என்று இரண்டு பிரிவு இருந்தால் சரியாக 8.0 போடுங்கள். காலாவதியாகும் பெட்டியைக் கொடுக்கிறதா பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு நோயாளி மயங்கிக் கிடக்கிறார், என்ன மருந்து என்று தெரிந்தாக வேண்டும் என்ற நிலையில் மருத்துவரால் மறைப்பை அவசரமாகத் திறந்து பார்க்க முடிகிறதா, அந்த முடிவு மற்றவர்களுக்கு மின்னஞ்சலில் கசிகிறதா என்பதை ஒவ்வொருவரின் லாகினிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே லாகினை வைத்து எல்லாப் பொறுப்பையும் சோதித்தால் இது எதுவும் தெரியாது. தீவிர பாதக விளைவை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டின் 2019 விதி. படிவத்தைச் சேமித்ததும் அறிவிப்பு யாருக்குப் போகிறது என்று அதே மூச்சில் பார்த்துவிடுங்கள்.

ஒரு குறியீடு புரண்டால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2018-இல் ஜாமா இதழில், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் 240 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கூடுதல் உதவித் திட்டம் பெற்றவர்கள் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வருவது குறைந்தது என்றது. 2019-இல் ஆய்வாளர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். எந்தக் குழு எது என்ற குறியீடு கோப்பைக் கையாளும்போது தலைகீழாகிவிட்டிருந்தது. உண்மையில் திட்டம் பெற்றவர்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள். அது பகுப்பாய்வுக் கட்டத்துப் பிழை, யூஏடி விட்டது அல்ல. ஆனாலும் அதை வெளியே சொல்லி, திருத்தி வெளியிட்ட அவர்கள் நேர்மையை நான் மதிக்கிறேன். குறியீட்டையும் பெயரையும் பொருத்திப் பார்க்கும் ஒரு சோதனையை அதற்குப்பின் நான் எங்கும் விட்டதில்லை.

எழுதி வைப்பது பற்றி. ஒவ்வொரு படிக்கும் எதிர்பார்த்தது, கண்டது, மென்பொருளின் பதிப்பு எண், தேதி நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட், உங்கள் பெயர். கண்டதை ‘சரி’ என்று எழுதாதீர்கள், “76 போட்டதும் ‘வயது வரம்புக்கு வெளியே’ என்ற க்வெரி (திரையில் எழும் கேள்வி) வந்தது” என்று எழுதுங்கள். ஃபெயில் என்பது யாரையும் திட்டுவது இல்லை. அது எண்ணிட்டுப் பதிவாகி, திருத்தி, நீங்களே மறுபடி சோதித்து, திருத்தியதால் பக்கத்தில் வேறு எதுவும் உடையவில்லை என்று பார்த்தபின் மூடப்பட வேண்டும். முதல் ஃபெயிலை அழித்துவிட்டுப் பாஸ் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், இரண்டும் இருக்க வேண்டும். சோதனைத் தளத்தில் உண்மையான நோயாளி விவரத்தைப் போடவே போடாதீர்கள், “சும்மா ஒருத்தருடையதைப் போடு” என்று யார் சொன்னாலும்.

கடைசியாக, இரண்டு நாள் கெடு. முதலில் நீட்டிப்புக் கேளுங்கள், மின்னஞ்சலில், உங்கள் ஆய்வு மருத்துவரின் பெயரையும் சேர்த்து. “140 ஸ்கிரிப்டையும் முழுதாகச் செய்ய இத்தனை நாள் வேண்டும், புரோட்டோக்காலின் எந்தப் பதிப்பை வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதையும் தெரிவியுங்கள்” என்று இரண்டு வரி போதும். கிடைக்கவில்லை என்றால் வரிசை வைத்துக்கொள்ளுங்கள். தகுதி வரம்பு, ஒப்புதல் தேதி, மருந்து ஒதுக்கீடு, பாதக விளைவு, தாழ்சர்க்கரைப் பதிவு, ஹெச்பிஏ1சி ஆகியவை முதலில். நோயாளிக்குத் தீங்கு வருவதும் ஆய்வின் முடிவு சாய்வதும் இவற்றில்தான். ஆறாம் மாத விசிட் படிவங்கள் காத்திருக்கலாம். அவற்றைப் பிறகு தனியாகச் சோதித்து வெளியிடும் வழக்கம் உண்டு, ஸ்பான்சருக்கும் அது தெரியும். நேரமில்லாமல் விட்ட ஸ்கிரிப்டுக்கு ‘செய்யவில்லை’ என்று எழுதி அனுப்புங்கள். 60 பாஸ், 9 ஃபெயில், 71 செய்யவில்லை என்று வரும் தாளைத் தணிக்கைக்கு வரும் அதிகாரி நம்புவார். 140 பாஸ், ஒரு குறைகூட இல்லை, எல்லாம் ஒரே பிற்பகலில் என்ற தாளைத்தான் எடுத்துவைத்துக் கேள்வி கேட்பார்.

ஸ்கிரிப்ட் ஒன்றிலிருந்து நாளைக் காலை தொடங்கலாம். அதற்கு முன், ஐந்து மணிக்கு எழுந்ததும் டைரியில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 104 என்று ஒரு பதிவு போடுங்கள். பிறகு மருத்துவமனைத் திரையில் அது எந்தத் தேதியில் விழுந்திருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், அங்கேயிருந்து மேலே பேசலாம்.